என் தேளின் சட்டை

தேளுக்கு நெயில் பாலிஷ் போட்டவன் நான்தான். வேறு யாரோ ஒரு கிறுக்கனின் கதை என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ராயப்பேட்டையில் எங்கள் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. டீக்கடையில் நின்றால், அடுத்து மருதாணி எப்போது என்று கேட்கிறார்கள். அதனால் நானே முழுசாகச் சொல்லிவிடுவது மேல்.

தேள் என்னுடையது. தொட்டி என் நண்பனுடையது. தொல்லையெல்லாம் அதனால் வந்ததுதான்.

நண்பன் என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவர்களுக்கு மூன்று தலைமுறையாகக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி அறுப்பது, படத்துக்குச் சட்டம் போடுவது எல்லாம் உண்டு. நான் அவனைப் பாய் என்பேன், அவன் என்னை மச்சி என்பான். அந்தக் காலத்திலிருந்தே அவனிடம் எது இருந்தாலும் எனக்கும் அது வேண்டும். அவனுக்கு மீசை முளைத்த வருஷம் நான் மூக்குக்குக் கீழே விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வகுப்புக்குப் போனவன். மீசை வரவில்லை, ஈ வந்தது.

நாற்பத்தைந்து வயதில் அவன் தேள் வளர்க்க ஆரம்பித்தான். செங்கல்பட்டுப் பக்கம் அவன் மாமனாருக்கு ஒரு மனை. அங்கே கல்லைப் புரட்டியபோது இரண்டு கருந்தேள்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். பெயிண்ட் வாளியில் போட்டுக் கொண்டுவந்தான். சொந்தக் கடைக் கண்ணாடியிலேயே தொட்டி செய்தான். அடியில் தென்னைநார்த் தூள், மேலே உடைந்த ஓடுகள், தண்ணீருக்கு ஊறுகாய் பாட்டில் மூடி. தினமும் காலையில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவான். என் மனைவி அதற்கு ஒரு ஹார்ட் போட்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் ஸ்டேட்டஸுக்கு அவள் போட்டது ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் கை தவறிப் பட்டதாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் அந்த மனைக்குப் போனேன். காலை முழுக்கக் கல் புரட்டினேன். இடுப்பு போனது. கிடைத்தது ஒன்றே ஒன்று, அவனுடையதில் பாதி அளவு, நிறமும் கொஞ்சம் மட்டு. போகட்டும், தேள் தேள்தானே என்று டிபன் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி வாசலிலேயே மறித்தாள். நான் விருச்சிக ராசி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

“வீட்ல ஏற்கெனவே ஒண்ணு கீது. போதும்,” என்றாள்.

ஆக, என் தேள் நண்பனின் தொட்டிக்குக் குடிபோயிற்று. ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே, அடித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். “வயிறு ரொம்பி, ஆளுக்கொரு ஓடு இருந்தா சண்டை வராது மச்சி. மனுசன் மாதிரி இல்ல,” என்றான். சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது.

சண்டை வரவில்லை. மூன்றும் ஒரே வீட்டுக் குடித்தனக்காரர்கள் மாதிரி ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தன. எனக்குத்தான் நிம்மதி இல்லை. இன்றைக்குச் சின்னதாக இருப்பதால் என்னுடையது எது என்று தெரிகிறது, நாளைக்கு வளர்ந்துவிட்டால்? தீனிக்குப் போடும் கொழுத்த கரப்பானெல்லாம் அவனுடையதுக்கும் கரப்பான் மீசை மட்டும் என்னுடையதுக்கும் போனால் கேட்பது யார்? அப்போதுதான் மனைவியின் நெயில் பாலிஷ் ஞாபகத்துக்கு வந்தது. நண்பன் இடுக்கியால் வாலைப் பிடித்துக்கொள்ள, நான் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். தேள் துள்ளியதில் பாதி அவன் கட்டைவிரல் நகத்தில் விழுந்தது. அந்த வாரம் முழுக்க அவன் சிவப்பு நகத்தோடு கண்ணாடி அறுத்தான். வாடிக்கையாளர்கள் நகத்தைப் பார்த்தார்கள், அவன் முகத்தைப் பார்த்தார்கள், பேரம் பேசாமல் போனார்கள்.

நந்தனத்தில் ஆபீஸ் முடிந்ததும் நேராக அவன் கடைக்குப் போவது எனக்கு வழக்கமாயிற்று. கடையின் பின்கட்டில் தொட்டி. கள்ள நோட்டு பார்க்க வைத்திருந்த ஊதா விளக்கை அவன் அதற்கு மேலே பிடிப்பான். இருட்டில் மூன்று தேளும் பச்சையாக ஒளிரும். என்னுடையதின் முதுகில் மட்டும் கறுப்பாக என் பொட்டு. அதைப் பார்க்கும்போது, மீசை தவிர மற்ற எல்லாம் எனக்கும் வந்துவிட்டது போல இருக்கும்.

ஆனால் அந்தத் தேளுக்கு நன்றி கிடையாது. அவன் இடுக்கியில் கரப்பானைப் பிடித்து நீட்டினால் ஓட்டுக்கு அடியிலிருந்து வந்து பதவிசாக வாங்கிக்கொள்ளும். அதே இடுக்கியில் அதே கரப்பானை நான் நீட்டினால் கொடுக்கைத் தூக்கும். பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து நம் வீட்டுத் தட்டைத் தள்ளிவிடுமே, அந்த எரிச்சல். அவன் வேறு, “உன் கையில ஆபீஸ் வாசனை அடிக்குது மச்சி,” என்பான். வீட்டுக்குப் போய்க் கையை முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் என் தேள் சட்டை கழற்றியது. ஓட்டின் ஓரமாக ஒரு முழுத் தேள் வடிவத்தில் சட்டை கிடந்தது. முதுகில் என் சிவப்புப் பொட்டு. நண்பன் வழக்கம்போலப் பாடம் எடுத்தான். வளரும் வரைக்கும்தான் தேள் சட்டை மாற்றுமாம். பெரிதாகிவிட்டால் சாகும் வரை அதே சட்டைதானாம். ஜோடி சேர்வதெல்லாம் அதற்கு அப்புறம்தானாம், வயிற்றில் சுமக்கவே கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகுமாம். நான் பாதிதான் காதில் வாங்கினேன். சட்டையின் கால் உடையாமல் எடுப்பதிலேயே என் கவனம் இருந்தது. அவனுடைய தேள்கள் இரண்டும் எதையும் கழற்றவில்லை அல்லவா?

வீட்டில் தி.நகர் நகைக்கடை மோதிர டப்பா ஒன்று காலியாக இருந்தது. சிவப்பு வெல்வெட், உள்ளே பஞ்சு. அதில் சட்டையை வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள். டப்பாவில் என்ன என்றாள். சட்டை என்றேன். மோதிர டப்பாவில் சட்டையா என்று திறந்தவள், மூடிவிட்டு, நேராகப் போய்க் கை கழுவினாள்.

சட்டையோடு பொட்டும் போய்விட்டது என்பது எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் என் தேள் மற்ற இரண்டின் அளவுக்கு வந்துவிட்டது. மூன்றும் ஒரே கறுப்பு. ஒரு நாள் நண்பன், “உன்னுது எதுடா, காட்டு,” என்றான். நான் தயங்காமல் காட்டினேன்.

“அது என்னுதுடா,” என்றான்.

மறுபடி பொட்டு வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நெயில் பாலிஷை மனைவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஆடி மாதம் அவன் ஒரு வீடியோ போட்டான். தொட்டியில் ஒரு தேளின் முதுகு முழுக்க வெள்ளையாகக் குட்டிகள், வேகவைத்த சோற்றுப் பருக்கைக்குக் கால் முளைத்தாற்போல. தேள் குட்டி போட்டால் தாய் செத்துப்போகும், குட்டிகளே முதுகைத் தின்றுவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் என் மனைவி. வீடியோவைப் பார்த்துவிட்டுக் குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள். தேளை வாசலில் மறித்த அதே ஆள்தான்.

தாய் சாகவில்லை. நண்பன் தொட்டியின் குறுக்கே ஒரு கண்ணாடி அறுத்துச் செருகி, தாயையும் குட்டிகளையும் ஒரு பக்கம், மற்ற இரண்டையும் மறு பக்கம் என்று பிரித்திருந்தான். மனைவி கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றாளாம். “எவ்ளோ பொறுமையா தூக்கிக்கினு கீது பாரேன்,” என்றாளாம். இதை நண்பன்தான் என்னிடம் சொன்னான், தானே சுமந்தவன் போல.

அன்றிலிருந்து மயிலாப்பூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் அவள் அங்கே இறங்கிவிடுவாள். நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போனில், “சாப்டுச்சா?” என்று கேட்டாள். என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். எதிர்முனையில் நண்பன். காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறியது.

படுத்தபடியே யோசித்தேன். மூன்றும் ஒன்றுபோல இருக்கின்றன. குட்டி போட்டது ஏன் என்னுடையதாக இருக்கக் கூடாது? இருந்துவிட்டால், அவள் மூக்கை ஒட்டிப் பார்த்ததும் விசாரித்ததும் எல்லாம் என் தேளைத்தான். அத்தனையும் என் கணக்கில் வந்துவிடும். ஆதாரம் வேறு மோதிர டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

உடம்பு தேறிய முதல் சாயங்காலம் டப்பாவோடு போனேன். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். நான் கோர்ட்டில் நிற்பதுபோல நின்று டப்பாவைத் திறந்தேன். இதோ பார் பாய், குட்டி போட்டது என்னுடையதுதான், மூன்றில் உடம்பை வளர்த்தது அது ஒன்றுதானே, அதற்கு அத்தாட்சி இந்தச் சட்டை, பொட்டு வைத்தது நான், பொங்கலுக்கு முன்னால் இது சட்டை கழற்றியதை நீயே கண்ணால் பார்த்தாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

நண்பன் டீயைக் கீழே வைத்தான்.

“பொங்கலுக்கு முன்னாடிதானே மச்சி?”

“ஆமா.”

“அதுவரைக்கும் அது கொயந்த. இப்ப ஆடி. ஒரு வருசம் சுமக்கணும்னு சொன்னேனே. கொயந்த எப்படிடா சுமக்கும்?”

என் தேள் தாயாகியிருக்க முடியாது என்பதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி என் கையில், வெல்வெட் டப்பாவில், பஞ்சு மெத்தையில். அதைக் கால் ஒடியாமல் காப்பாற்றி எடுத்து வந்தவனும் நான்தான். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அப்படியானால் என்னுடையது எது என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஓட்டுக்கு அடியில் இருக்கிற இரண்டில் இடது பக்கத்தது என்றான். நான் குனிந்து பார்ப்பதற்குள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கி இடம் மாறிக்கொண்டன. அவனைத் திரும்பக் கேட்க மனசு வரவில்லை.

காய்ப் பையை நான் தூக்கிக்கொண்டு, இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். தெரு முனையில் கேட்டேவிட்டேன். அவன் தேளை இத்தனை நாள் போய்ப் பார்த்தாயே, நாளைக்கு ஒரே ஒரு தரம், எனக்காக, என் தேளை வந்து பார்ப்பாயா என்று.

“எதுன்னு காட்டு, பாக்குறேன்,” என்றாள்.