ஏல ஸ்டோருக்குள் வந்த புகை

அந்த ஐப்பசி மழையில் என் அண்ணன் செத்துப்போவார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. சொப்பனம் எதுவும் காணவில்லை, தரிசனமும் இல்லை. நான் படித்த படிப்பு அதைச் சொன்னது. தெரிந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைவிடப் பயங்கரமான நிலைமை ஒன்று உண்டா, சொல்லுங்கள். கர்த்தர் அந்த இடத்தில் என்னைச் சந்தித்தார். அதைச் சொல்லத்தான் சபை முன்னால் எழுந்து நிற்கிறேன்.

குரங்கணிக்கு மேலே எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அப்பா காலமான பிறகு தோட்டத்தையும் போடியில் உள்ள கடையையும் அண்ணன் ஆசீர்வாதம்தான் பார்த்துக்கொண்டார். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் சென்னையில் மேற்படிப்பில் இருந்தேன். தாவரவியல் என்று பெயர். ஆனால் மலைச்சரிவில் மரத்தைக் குறைத்தால் மண்ணும் தண்ணீரும் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. இப்போது இயற்கை வளம், சுற்றுச்சூழல் மேலாண்மை என்று அதற்குத் தனித் துறையே வந்துவிட்டது. அன்றைக்கு நம் சபையில் கேட்டால், "ஆசீர்வாதம் தங்கச்சியா? அது மலையில மண்ண அளக்குது" என்பார்கள். கல்யாண வயதுப் பெண் மண்ணை அளந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அண்ணன் மட்டும் என்னை விட்டுக்கொடுக்கவே மாட்டார். கேலி செய்வார், அது வேறு விஷயம்.

அளப்பதற்கு எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொண்டேன். நிழல் கொஞ்சம் குறைந்தால் காய் அதிகம் பிடிக்கும் என்று அந்த நாளில் எல்லாரும் மரம் வெட்டினார்கள். அண்ணனும் ஸ்டோருக்கு மேலே இருந்த சரிவில் பெரிய மரங்களை வெட்டியிருந்தார். ஸ்டோர் என்றால் ஏலக்காயை உலர்த்துகிற கட்டிடம். அந்தச் சரிவில் நான் வரிசையாக மூங்கில் குச்சிகளை அடித்துவைத்தேன். மழையில் மண் கரைந்தால் குச்சி கூடுதலாக வெளியே தெரியும். அவ்வளவுதான் என் கருவி. அண்ணன் எனக்குக் குச்சி டாக்டர் என்று பட்டம் கொடுத்தார்.

ஆராய்ச்சியின் கடைசி வருடம், ஐப்பசி மாதம். அடைமழை பிடித்துக்கொண்டது. மலையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் வெள்ளை மூட்டம். ஒரு காலையில் குச்சிகளைப் பார்க்கப் போனேன். எல்லாக் குச்சிகளும் சாய்ந்து நின்றன. ஒன்றிரண்டு சாய்ந்திருந்தால் மாடு முட்டியது என்று நினைத்திருப்பேன். அத்தனையும் ஒரே பக்கமாக, ஸ்டோர் இருந்த திசையில் சாய்ந்திருந்தன. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றில் கால் வைத்தேன். அது ஆடியது. அதற்குப் பின்னால் தரை நீளமாகப் பிளந்திருந்தது. மழைத்தண்ணீர் முழுக்க அந்தப் பிளவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய், ஸ்டோருக்குள் நுழையப்போன அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, மண்ணு கரையல. சரிவே மொத்தமா கீழ எறங்குது."

"எறங்குறதுக்கு அது என்ன பஸ்சா?"

"வெளையாடாதீக. வெட்டுன மரத்து வேரெல்லாம் உள்ளுக்குள்ள மக்கிப்போச்சு. மண்ணப் பிடிச்சு நிறுத்த ஒண்ணுமே இல்ல. எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே குரங்கணிக்கு எறங்கிருவோம்."

"தீ போட்டாச்சே ஆத்தா. காய் காயட்டும். நாளைக்கு எறங்குவோம்."

தீ போட்டாச்சு. ஏலக்காய்க்காரரிடம் இந்தச் சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது. ஸ்டோரில் இரண்டு அறை. உள்ளறை முழுக்கத் தட்டுத் தட்டாகப் பச்சைக்காய் பரப்பியிருக்கும். முன்னறையில் அடுப்பு. அடுப்பிலிருந்து ஒரு தகரக் குழாய் உள்ளறையைச் சுற்றிப்போய், பின்சுவர் வழியாகப் புகையை வெளியே தள்ளும். காய்க்குச் சூடு மட்டும் படவேண்டும், புகை படக்கூடாது. தீ போட்ட பிறகு ஈரக்காற்று உள்ளே போனால் காய் பச்சை நிறம் இழந்து வெளுத்துவிடும். அதனால் கதவை உள்ளே தாழ்போட்டுவிடுவார்கள். காய் உலரும்வரை யார் வந்து தட்டினாலும் திறப்பதில்லை. போடியில் எங்கள் கடைக்காய் என்றால் பச்சை நிறத்துக்குப் பேர்போனது. அண்ணனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

மழையில் காய் பறிப்பு நின்றுவிட்டதால் வேலைக்கு வந்த பெண்களும் குளிர் தாங்காமல் முன்னறையில்தான் அடைந்திருந்தார்கள். கல்சுவர், உள்ளே கதகதப்பு. தோட்டத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி மடியில் கைக்குழந்தை இருந்தது. அடுப்புக்கு விறகு போடுகிற கருப்பையாவும் அண்ணனும் உள்ளேதான் இருந்தார்கள்.

மத்தியானம் நான், வேலையாட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து மறுபடி வெளியே வந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது. ஸ்டோரை ஒட்டி ஓடுகிற ஓடையின் இரைச்சலைக் காணோம். போய்ப் பார்த்தேன். காலையில் பாறையை உருட்டிக்கொண்டு போன ஓடையில் இப்போது முழங்கால் தண்ணீர்கூட இல்லை. அத்தனை மழையில் ஓடை வற்றினால் என்ன அர்த்தம்? மேலே மண் சரிந்து தண்ணீரை அடைத்துவிட்டது. அடைத்த தண்ணீர் அந்தச் சரிவையே ஊறவைத்துக்கொண்டு நிற்கிறது. எந்த நேரமும் உடைக்கும்.

கதவில் இரண்டு கையாலும் குத்தினேன்.

"அண்ணே! ஓடை நின்னுபோச்சு! கதவத் தொறங்க!"

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "மழ கொறஞ்சிருக்கும். நீ நனையாம லயத்துக்குப் போ."

"மழ கொறையலண்ணே! மலை வரப்போகுது! கும்புட்டுக் கேக்குறேன், தொறங்க!"

"கதவத் தொறந்தா காய் பூரா வெளுத்துரும் ஆத்தா. சொன்னாக் கேளு."

கதறினேன். கல்லை எடுத்து அடித்தேன். ஈட்டிமரக் கதவு, அசையவில்லை. மழையில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே உள்ளே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்தக் கதவுக்கு முன்னால் சேற்றில் முழங்கால் போட்டேன். முதலில், மலையை நிறுத்தும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். என் மனதே அதை ஏற்கவில்லை. வேர் இல்லாத மண் நிற்காது என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். நாங்களே வெட்டிவிட்டு, மலையைத் தாங்கும் ஆண்டவரே என்று எந்த முகத்தோடு கேட்பது? ஞாயிற்றுக்கிழமை ஜெபிக்கிற அழகான சொல் ஒன்றுகூட வரவில்லை. "அண்ணன வெளிய கொண்டாரும். எல்லாரையும் வெளிய கொண்டாரும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்குப் பின்னால் சரிவிலிருந்து சின்னச் சின்னக் கல் உருண்டு வந்து விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

இன்னொருவர் இருமினார். குழந்தை வீறிட்டது. கதவு இடுக்கு வழியாகப் புகை கசிந்தது. "குழாய் விட்டுப்போச்சு! வெரசா கதவத் தொறங்க!" என்று கருப்பையா கத்துவது கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் இடித்து வெளியே வந்தார்கள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.

"அந்தப்பக்கத்து மேட்டுப் பாறைக்கு ஓடுங்க! நிக்காதீங்க!" என்றேன்.

அண்ணன் மட்டும் வரவில்லை. புகை ஏறினால் காய் வீண். குழாயைச் சரிசெய்ய உள்ளறைக்குள் போய்விட்டார். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நான் வாசலுக்குத் திரும்பினேன். உள்ளே இருட்டு, கண் எரிந்தது. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டேன். கர்த்தாவே, எல்லாரையும் கொடுத்துவிட்டு இவரை மட்டும் வைத்துக்கொள்ளாதேயும் என்று அழுதேன். அந்த நிமிடம் கருப்பையா தலையில் ஈரச்சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தார். இருவரும் தடுமாறி வெளியே வந்தபோது அண்ணன் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"பின்சுவர் உள்ள தள்ளிக்கிட்டு நிக்குது ஆத்தா," என்றார். "குழாயைப் பிடுங்குனதே அந்தச் சுவருதான்."

ஓடினோம். பாறைமேல் ஏறித் திரும்பிப் பார்ப்பதற்குள் சரிவு வந்துவிட்டது. ஓவென்று பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். அடிக்கட்டைகள் நின்றபடியே நகர்ந்து வந்தன. ஸ்டோர் கூரை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும்தான். அண்ணன் என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

ஆராய்ச்சியை எழுதி முடித்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், ஸ்டோரில் இருந்தவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று கேட்டார். நிலம் நகர்ந்து பின்சுவரை அழுத்தியது, குழாய் இணைப்பு விலகியது, புகை உள்ளே வந்தது என்று சொன்னேன். அத்தனையும் உண்மை. பட்டமும் கொடுத்தார்கள். மலை சுவரை உடைக்கும் முன்னால் குழாயைக் கழற்றியது ஏன், நான் சேற்றில் விழுந்து கேட்ட அதே நேரத்தில் கழற்றியது ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போது உங்களுக்குச் சொல்வதைத்தான் அவருக்கும் சொல்லியிருப்பேன். எங்களைக் கொல்ல வந்த மலையின் கையாலேயே ஆண்டவர் கதவைத் திறந்தார். ஸ்தோத்திரம்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை. அந்தச் சரிவை அப்படியே காட்டுக்கு விட்டுவிட்டார். நான் சென்னையில் வேலைக்குப் போகாமல் இங்கேயே தங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி எச்சரித்து வருகிறேன். கேட்கிறவர்கள் கொஞ்சம்தான். மொட்டையடித்த சரிவுகள் இன்னும் நிறையவே இருக்கின்றன, அவற்றின் அடியில் லயங்களும் இருக்கின்றன. ஐப்பசி பிறந்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வராது.

அருமையானவர்களே, உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் ஆபத்து வரும். இப்படித்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் மலை நிற்க வேண்டும் என்று கேட்டேன், மலை நிற்கவில்லை. அண்ணன் வேண்டும் என்று கேட்டேன். அதோ, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.