சென்னியம்மாள் கிண்டிய கூழ்

சென்னியம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. எரிகிற விறகைத் தள்ளி வைப்பாள். உறை ஊற்றிய பாலை, தோய்வதற்குள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அடேயப்பா, என்ன பிறவியோ!

ஒரே மகள் பாவாயியை ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தாள். கொடுத்தவள் அடங்கினாளா? சந்தை தவறாமல் வண்டியேறிப் போய், "வயிறாரச் சோறு போடறாங்களா கண்ணு? மாடு கறக்கறது ஆரு, நீயா?" என்று சம்பந்தியம்மாள் காதுபடவே விசாரித்தாள். பேச்சு முற்றிப்போய், மருமகன் அப்புசாமி பெண்டாட்டியைக் கொண்டுவந்து தாய்வீட்டு வாசலில் விட்டுவிட்டான். பல மாதம் கழித்து இப்போதுதான் அனுப்பி வைக்கச் சொல்லி ஆள் விட்டிருந்தான்.

வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? உலக யுத்தம் நடந்த காலம், அரிசிக்குத் தட்டுப்பாடு. மரவள்ளி மாவில் கூழ் காய்ச்சி வடகம் போட உட்கார்ந்தாள் சென்னியம்மாள். எண்ணெயில் போட்டால் பொசுபொசுவென்று பொரிய வேண்டும். தோலாய்க் கிடந்தால் சம்பந்தியம்மாள் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரிதான்.

கொதிக்கும்போதே துடுப்பால் அடித்தாள். குமிழ் எழுந்து எழுந்து உடைந்து போனது. காய்ந்த வடகம் பொரியவே இல்லை. மறுநாள் ஆறி இறுகிய கூழைப் போட்டுக் கிண்டினாள். அது திப்பி திப்பியாக உடைந்து தண்ணீர் விட்டது. "நாசமாப் போறதே!" என்று அதையே திட்டினாள்.

மூன்றாம் நாள் பாவாயி துடுப்பை வாங்கிக்கொண்டாள். கூழ் வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்து, வெளுத்துப் பூப்போல வரும்வரை மளமளவென்று அடித்தாள். பொடிக்குமிழ் அப்படியே நின்றது. சென்னியம்மாளின் கை தானாகத் துடுப்பிடம் போனது. பாவாயி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உட்டுரு ஆத்தா. இனிக் கிண்டினா உள்ள நிக்கற காத்தும் போயிரும். என்னையும் அப்படித்தான் கிண்டிக் கிண்டி இங்க கொண்டாந்து உட்டே. நானா ஆளனுப்பற வரைக்கும் அங்க வராத."

சென்னியம்மாள் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

வடகத்தோடு மகள் போனாள். அடுத்த சந்தைக்குச் சென்னியம்மாள் வண்டியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறி மறுபடி இறங்கினாள். "போறீங்களா இல்லீங்களா?" என்று வண்டிக்காரர் அங்கமுத்து சலித்துக்கொண்டார். வீடு திரும்பி இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தாள். தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. இப்படியே எத்தனையோ சந்தை போயிற்று.

ஒருநாள் அப்புசாமியே வந்து நின்றான். "வடகம் தீந்துபோச்சுங்க அத்தை. உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க அம்மா."

சென்னியம்மாள் சடக்கென்று எழுந்தாள். செருப்பில்கூடக் கால் நுழைத்துவிட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"பாவாயி என்ன சொன்னா மாப்ளே?"

"அது ஒண்ணுஞ் சொல்லலீங்க."

சென்னியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். "அவ சொல்லட்டுங்க மாப்ளே. நா இருக்கறேன்."