முந்திரிக் கட்டுரையின் சொந்தக்காரர்

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் ஓர் இலவசக் கலைக்களஞ்சியம் உண்டு. அதில் முந்திரியைப் பற்றி மூன்று வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கட்டுரை எழுதினேன். பிறந்த ஊர் காடாம்புலியூர். முந்திரிக் கொல்லையில் வளர்ந்தவளுக்கு அதை எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்போது சிதம்பரத்தில் குடியிருந்து, கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். சொந்தப் பெயரில் எழுதினால் ஆபீஸ் நேரத்தில் எழுதினாயா என்று மெமோ வரும் எனப் பயந்து புனைபெயர் வைத்துக்கொண்டேன். சேமிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நிபந்தனை இருக்கும்: எவரும் எடுக்கலாம், அச்சிடலாம், விற்கலாம்; எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லவேண்டும். பெரிய தர்மப் பிரபு மாதிரி ஒவ்வொரு முறையும் அழுத்தினேன்.

2010-இல் எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவர் காலமானார். படத்திறப்புக்குப் போனேன். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் அவர் படம். ‘முந்திரிச் சாகுபடி’ என்ற தலைப்புக்குக் கீழே அவர் பெயர். பிரித்தால் என் கட்டுரை. ஒரு கமாகூட மாறவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக இருக்கிறதே என்று வயிறு எரிந்தது. துக்க வீட்டில் என்ன பேசுவது? காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் அவர் மகன் போன் செய்தார்.

“அக்கா, அப்பா எழுதுனத எவனோ திருடி நெட்டுல போட்டிருக்கான். கம்ப்ளைண்ட் குடுத்துட்டேன். ஒரு வாரத்துல அவன் பதில் சொல்லலன்னா தூக்கிடுவாங்களாம். எங்களுக்கு கம்ப்யூட்டர் ஜாஸ்தி தெரியாது. அவன் யாருன்னு நீங்கதான் கண்டுபுடிச்சிச் சொல்லணும்.”

திருடனைப் பிடிக்கத் திருடனிடமே விண்ணப்பம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புனைபெயரில் பதில் எழுதினால் யார் நம்புவார்கள்? மூன்று வருட வேலை ஒரு வாரத்தில் அழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மகன் ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். “பாருங்க, கைப்பட எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து போட்டிருக்காரு. இதத்தான் அப்படியே புக்கா போட்டோம்.”

பார்த்தவுடன் புரிந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் எதை நகல் எடுத்தாலும், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டுத் தேதி போடவேண்டும். ஓய்வுக்குப் பிறகு முந்திரிக் கொல்லை வாங்கியிருந்த மனுஷன், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து என் கட்டுரையைப் பார்த்து எழுதி, வரிக்கு வரி ஒப்பிட்டு, பழக்கதோஷத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். திருடுகிறவன் எவனாவது ஒப்பிட்டுப் பார்ப்பானா? அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. கட்டுரை போய்விடுமே என்ற பயம் போகவில்லை.

“தம்பி, எங்கயும் தேடாதீங்க. அத எழுதுனது நான்தான்,” என்றேன். எந்தத் தேதியில் எந்த வரியைச் சேர்த்தேன் என்று காட்டும் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். கையெழுத்து விஷயத்தையும் சொன்னேன். மகன் முகம் செத்துப்போயிற்று. “சத்தியமா தெரியாதுக்கா,” என்று சொல்லி, என் கண்முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூப்பிரண்டின் மனைவி என்னைப் பார்த்தார்.

“எல்லாரும் எடுத்துக்கலாம்னுதானேம்மா போட்ட?”

“ஆமாம்மா.”

“அவுரு கேட்டிருந்தா குடுத்திருப்ப?”

“கேக்கவே வேணாம்மா.”

“அப்போ எங்க வூட்டுல மட்டும் ஏம்மா கேக்க வந்த?”

கட்டுரையைக் காப்பாற்ற வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் காப்பாற்றியாகிவிட்டது. நான்தான் இன்னும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

“அந்தப் புக்குல எம் பேரு போடணும்மா,” என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.