அத்தை லென்ஸ் போட்ட மாதம்

என் அப்பாவின் தங்கை, என் அத்தை, எட்டாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி போட்டவள். அதைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது நானா தண்ணீர்க் குடமா என்று தெரியாது என்பாள். அது முழுக்க விளையாட்டும் இல்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அந்தக் கண்ணாடியை யாரும் ஒரு குறையாகப் பார்த்ததில்லை. அத்தை கல்லூரியை முடித்து, வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிய பிறகுதான் அது திடீரென்று பெரிதானது.

முதலில் வடுகபட்டியிலிருந்து ஒரு வீட்டார் வந்து பார்த்தார்கள். கேசரியைச் சாப்பிட்டார்கள், எங்கள் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி விசாரித்தார்கள், போனார்கள். பிறகு தரகர் மட்டும் திரும்பி வந்தார்.

"பொண்ணு லட்சணந்தேன், படிப்பும் சரிதேன். அந்தச் சோடாபுட்டிதேன் அவுகளுக்கு ஒப்பல."

அடுத்த வாரம் தோட்டத்துக்கு மருந்து வாங்கத் தேனிக்குப் போன அப்பா, கண்ணுக்குள்ளேயே ஒட்டவைக்கிற கண்ணாடி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தார். போட்டிருப்பது வெளியே தெரியாதாம். அடுத்த நடையில் அத்தையையும் அழைத்துக்கொண்டு போனார். வெறுமனே வேடிக்கை பார்க்க நானும் போனேன். நான் அப்போது நான்காம் வகுப்பு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில், கடைக்காரர் நிறையச் சொன்னார், வேகமாகச் சொன்னார். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஈரம் போகத் துடைக்க வேண்டும், லென்ஸில் தண்ணீர் படவே கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, டப்பாவில் இருக்கிற சொல்யூஷனைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அத்தை பரீட்சைக்குப் படிப்பதுபோல உதட்டை அசைத்துக் கேட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு அதில் சொல்யூஷன் புட்டியின் விலை மட்டும் மனதில் பதிந்தது. வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொன்னபோது அம்மா வாயில் கை வைத்தாள்.

"தண்ணியாட்டம் இருக்கு. இதுக்கா இம்புட்டு?"

"உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணுதேன், மருந்து கலந்ததுன்னாரு," என்றார் அப்பா.

மருந்து என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உப்புத்தண்ணீர் என்பது விழுந்துவிட்டது.

எனக்குக் கடுமையான உத்தரவு ஒன்று போடப்பட்டது. வெளியே மூச்சு விடக் கூடாது. "கண்ணுக்குள்ள கண்ணாடி வச்சிருக்காகன்னு நீ பள்ளிக்கூடத்துல போய்ச் சொன்னீன்னா, அங்கன சுத்தி இங்கன வர்றதுக்குள்ள உங்கத்தையைக் கண்ணே தெரியாதவளா ஆக்கிப்புடுவாக," என்றார் அப்பா. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அதற்கு முன்பு யாரும் என்னை நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை.

லென்ஸ் போடும் நேரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. முதல் சில நாட்கள் அத்தையின் கண் இமைத்து இமைத்து அதைத் துப்பியது. ஒருமுறை கீழே விழுந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். அப்பா டார்ச் லைட்டோடு தரையில் மண்டியிட்டார். கடைசியில் அது அவர் வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியபின் அத்தை செய்த முதல் காரியம் தலையைத் திருப்பாமல் என்னைப் பார்த்ததுதான்.

"ஏடி, ஓரக்கண்ணால பாக்க முடியுதுடி! கண்ணாடியில ஓரத்துல ஒண்ணுமே தெரியாது."

அன்று முழுவதும் வீட்டில் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டாளுக வந்தா இப்பிடி முழிக்காத ஆத்தா. திருட்டு முழின்னு நெனச்சுக்கிருவாக."

டப்பாவை அம்மாதான் அடுப்படி அலமாரியில் வைத்திருந்தாள். வீட்டிலேயே அதுதான் சுத்தமான, குளிர்ச்சியான இடம். அம்மா எந்தப் பாத்திரத்தையும் முழுதாகக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தவள் இல்லை. தயிரில் கொஞ்சம் உறைக்கு நிற்கும், மாவில் கொஞ்சம் அடுத்த மாவைப் புளிக்க வைக்க நிற்கும், ஊறுகாய் தீர்ந்தாலும் அதன் உப்புச்சாறில் அடுத்த நார்த்தங்காய் விழும். டப்பாவிலும் அப்படியே ஆனது. பழையதைக் கொட்டாமல், குறைந்த அளவுக்கு மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பினாள்.

"கடைக்காரர் கொட்டச் சொன்னாரு மதினி," என்று அத்தை ஒருமுறை சொன்னாள்.

"கொட்டச் சொல்லாம? அவருக்கு யாவாரம் ஆகணும்ல?"

அதற்கு அத்தை சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அண்ணன் வீட்டில் இருக்கிற பெண் ஒரே விஷயத்தை இரண்டாம் முறை சொல்ல மாட்டாள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

புட்டி பாதிக்குக் கீழே இறங்கியபோது அம்மா அடுத்த வழியைக் கண்டுபிடித்தாள். இதை இன்று நினைத்தாலும், அவளைக் குறைசொல்ல எனக்கு முழுதாக மனம் வருவதில்லை. அவ்வளவு கவனமாகச் செய்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பச்சை உடம்புக்காரிகளுக்குக் கொடுப்பதுபோல வெள்ளைத் துணியில் வடிகட்டி, கல் உப்பைக் கரைத்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கண்ணீரின் ருசி வந்ததும் திருப்தியானாள்.

"கண்ணுல வர்றதே உப்புத்தண்ணிதேன? அதைப் போய்க் காசு குடுத்து வாங்குவாகளா?"

யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வியாக அது எனக்குப் பட்டது. இன்று நானும் லென்ஸ் போடுகிறேன். மகளுக்குச் சோறு ஊட்டிய கையை இரண்டு தரம் கழுவிவிட்டு, கழுவினேனா என்று சந்தேகப்பட்டு மூன்றாம் தரமும் கழுவுகிறேன். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் எதிரே நின்று அதைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

ஆனி பிறந்தது. கணவாய் வழியாக இறங்குகிற காற்று, எங்கள் தெருப் புழுதியை அள்ளி எல்லோர் கண்ணிலும் கொட்ட ஆரம்பித்தது. ஆடி வந்துவிட்டால் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள். அதற்குள் தேவாரத்திலிருந்து ஒரு வீட்டார் வருவதாகத் தரகர் நாள் குறித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு ஏலக்காய் வியாபாரம். மலைமேல் போய்வருகிறவர், நல்ல குடும்பம், பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இந்த இடம் தவறிப்போகக் கூடாது என்று அப்பா வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் அத்தையின் வலது கண் சிவந்திருந்தது. "தூசி," என்றாள். அம்மா நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் நனைத்து மூடிய இமைமேல் வைத்தாள். மறுநாள் காலையில் சிவப்பு கூடியிருந்தது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"வெளிச்சம் கூசுது மதினி. உள்ள குத்துது."

"அரை மணி நேரம் ஆத்தா. தட்டைக் குடுத்துட்டு உள்ள வந்துரு. அப்புறம் கழத்திப் போட்டுட்டு நாள் பூராப் படுத்துக்க. இதையும் விட்டா ஒங்க அண்ணன் ஒடைஞ்சு போவாரு."

அத்தை லென்ஸைப் போட்டுக்கொண்டாள். நான் கண்ணாடி பிடித்தேன். வலது கண்ணிலிருந்து நீர் கோடாக இறங்கிப் பவுடரைக் கரைத்தது. அம்மா அதன்மேல் மறுபடி பவுடர் ஒற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள். வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தமும், அப்பாவின் "வாங்க வாங்க"வும் கேட்டன.

அறையில் நானும் அத்தையும்தான் இருந்தோம். அவள் மூலையில் இருந்த வாளியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். புதுத் துண்டில் ஈரம் போகத் துடைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக இரண்டு லென்ஸையும் எடுத்தாள். வலது கண்ணிலிருந்து எடுக்கும்போது மட்டும் பல்லைக் கடித்தாள். அவற்றை டப்பாவில் போடவில்லை. ஜன்னல் திண்டின்மேல் வைத்தாள். பிறகு இரும்புப் பெட்டியைத் தடவித் திறந்து, சேலைகளுக்கு அடியில் கையை விட்டுப் பழைய கண்ணாடியை எடுத்து, பட்டுச்சேலை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அத்தை, அப்பா வைவாக."

"கதவைத் தொறடி."

கூடத்தில் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் நாற்காலியில் இருந்தார்கள். அத்தை தட்டோடு வந்ததும் அப்பாவின் முகம் மாறியதை நான் கதவருகிலிருந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார்.

"கண்ணாடி போடுவீகளாம்மா? தரகர் சொல்லலையே?"

"அது படிக்கிறப்ப மட்டும்..." என்று அப்பா தொடங்கினார்.

"இல்லைம்மா, எப்பவும் போடணும்," என்றாள் அத்தை. "இது இல்லாட்டி இந்த நாக்காலில இருக்கது நீங்களா ஒங்க மகனான்னு எனக்குத் தெரியாது."

தாய்மாமன் வெடித்துச் சிரித்தார். "கொள்ளாமே!" என்று மலையாளத்தில் பாராட்டவும் செய்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. "கண்ணு ஏன் இப்பிடிச் செவந்திருக்கு?" என்று கேட்டார். அத்தை லென்ஸ் கதையை நான்கே வாக்கியங்களில் சொல்லி முடித்தாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க மொதல்ல," என்றார் மாப்பிள்ளை, அத்தையைப் பார்த்து. அவர் பேசியது அது ஒன்றுதான்.

கலந்து பேசிச் சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜீப் தெருமுனை திரும்பும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். உள்ளே வந்ததும் அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னாள்:

"அண்ணே, வையணும்னா பஸ்ஸுல வச்சு வைய்யி. கண்ணு போயிரும் போல இருக்கு."

தேனியில் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, அத்தையின் கண்ணில் மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு டப்பாவைக் கேட்டார். அம்மா அதை ஒரு டிபன் பாக்ஸுக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள். திறந்து பார்த்துவிட்டு, இதில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார்.

"காய்ச்சித்தேன் ஊத்துனேன் டாக்டர். வடிகட்டித்தேன்..." என்றாள் அம்மா.

டாக்டரம்மா கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. கண்ணின் கருவிழியில் புண் விழுந்திருக்கிறது, நல்லவேளை ஓரத்தில் இருக்கிறது, இன்னும் ஓரிரு நாள் லென்ஸோடு விட்டிருந்தால் பார்வையையே தின்றிருக்கும் என்றார். தண்ணீரைக் காய்ச்சினாலும் ஆறும்போதும் தொடும்போதும் கிருமி திரும்ப வந்துவிடும், உப்பு அதைக் கொல்லாது, சொல்யூஷனில் இருக்கிற மருந்துதான் கொல்லும், பழையதன்மேல் ஊற்றினால் அந்த மருந்தும் வேலை செய்யாது என்றார்.

"காசு மிச்சம் பண்ணணும்னா லென்ஸ் போடுற நாளைக் குறைங்கம்மா. மத்த நாளைக்குக் கண்ணாடி போடட்டும். மருந்துல குறைக்காதீங்க. டப்பாவையும் அப்பப்ப மாத்திருங்க."

மணிக்கொரு தரம் விடச் சொல்லிச் சொட்டு மருந்து எழுதினார். கட்டுப் போடக் கூடாது என்றார். கண்ணில் வெள்ளைக் கட்டோடு அத்தையைப் பள்ளித் தோழிகளிடம் காட்டலாம் என்றிருந்த எனக்கு அது ஏமாற்றம்தான்.

கண் பிழைத்தது. கருவிழியின் ஓரத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றுவிட்டது. தேவாரத்திலிருந்து யாரும் எதுவும் சொல்லியனுப்பவில்லை. இரண்டு ஆடி கழித்து அத்தைக்கு வருசநாட்டுப் பக்கம் வேறொரு இடத்தில் கல்யாணமானது. அவர்கள் பார்க்க வந்தபோதும் கண்ணாடியோடுதான் போய் நின்றாள். எங்கள் வீட்டில் இந்தக் கதையை எப்போது சொன்னாலும், கண் வலி தாங்காமல் லென்ஸைக் கழற்றிவிட்டாள், அதனால் கண் தப்பியது, அந்த இடம் தவறியது என்றுதான் சொல்வார்கள்.

நானும் அன்று அப்படித்தான் புரிந்துகொண்டேன். தேனியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், காற்றுக்குப் பயந்து அம்மா ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தாள். அப்பா முன்சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அத்தை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

"மாப்பிள்ளையைப் பாத்தீகளா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ம்."

"எப்பிடி இருந்தாரு?"

"நல்லாத்தேன் இருந்தாரு," என்றாள் அத்தை. "ஆளைப் பாத்துப் பேசுனாரு."

எனக்கு ஒரு யோசனை வந்தது. லென்ஸும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். பெண் எப்படியும் தலையைக் குனிந்துகொண்டுதான் வரப்போகிறாள். அறைக்கும் கூடத்துக்கும் நாலு எட்டு, எங்கள் வீட்டில் அவள் கண்ணை மூடிக்கொண்டே நடப்பாள். கண் சிவந்ததற்குத் தூசி என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"சும்மாவே போயிருக்கலாம்ல அத்தை?"

"போயிருக்கலாம்," என்றாள்.

இவ்வளவு எளிய வழி எனக்குத் தோன்றியது, பட்டம் வாங்கிய அத்தைக்குத் தோன்றவில்லையே என்று அவள்மேல் எனக்குப் பாவமாக இருந்தது. வலியில் மறந்திருப்பாள் என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படித்தான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.