தேய்க்காமல் விட்ட தைலம்

சென்னையிலிருந்து டெக்சாஸ் வந்த மறுநாள் அம்மாவுக்கு இடது கெண்டைக்காலில் வலி. “பெட்டி தூக்கினதுல தசை பிடிச்சிருக்கும், தைலம் தேய்ச்சு விடுடி” என்றார். தைலத்தைச் சூடாக்கி உள்ளங்கையில் ஊற்றிவிட்டேன். மீன்குழம்பு கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மேரி ஆன்டி ஒரு நர்ஸ். காலைப் பார்த்ததும் கத்தினார்.

“கை வைக்காதம்மா! ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு பாரு. அவ்ளோ நேரம் ஃப்ளைட்ல உட்கார்ந்து வந்திருக்காங்க. ரத்தக்கட்டியா இருந்தா, தேய்ச்சா நுரையீரலுக்குப் போயிடலாம். எமர்ஜென்சிக்குக் கிளம்பு!”

ஃப்ரீவே முழுக்க, அம்மா மூச்சு விடுகிறாரா என்று கண்ணாடியில் பார்த்தபடியே ஓட்டினேன். ஸ்கேனில் ரத்தக்கட்டிதான். மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

“என் பொண்ணு ஒரு தைலம்கூடத் தேய்ச்சு விடலை” என்று அம்மா இப்போது எல்லாரிடமும் கிண்டலடிக்கிறார். நானும் சிரிக்கிறேன். அன்று உள்ளங்கையில் ஊற்றிய தைலத்தின் சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை.