சந்தனம் பூசிய ரிலே

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். பீற்றிக்கொள்ளத்தான் போகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். விழுப்புரத்திலிருந்து அங்கே போக எனக்கு இருந்த ஒரே வழி, என் தாய்மாமா ஓட்டிய பஸ். எங்கள் சாதிப் பெண்ணைத் தன் பஸ்ஸில் ஏறவிட்ட முதலாளிக்குப் பெரிய மனசு என்று வீட்டில் சொல்வார்கள். என்னை டிரைவர் காலடியில் தரையில் உட்காரச் சொல்லும் அளவுக்கு அது பெரிய மனசு. "எஞ்சின்ல இது கை பட்டுச்சுன்னு தெரிஞ்சா நீயும் வேலைக்கு வர வேணாம்" என்று மாமாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு மாமா பஸ்ஸைக் கழுவி, இருந்த மூடிகளையெல்லாம் கழற்றி, ஸ்பேனர் முதல் எஞ்சின் டப்பாக்கள் வரை சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஒன்றை விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று நம்பினார்.

விடுமுறை முடிந்து நான் கிளம்பிய காலையில், பூசைக்குப் பிறகு முதல் தடவை பஸ்ஸை எடுத்தபோது, ஹார்ன் அடிக்கவில்லை. முதலாளி ஆசையாகப் போட்ட இரட்டை ஹார்ன் அது. மாமா பட்டனை அமுக்க அமுக்க, பானெட்டுக்குள் 'டிக், டிக்' என்றதே தவிர வேறு சத்தமில்லை. ஹார்ன் இல்லாமல் மாடும் வண்டியும் போகும் ரோட்டில் பஸ்ஸை எடுக்க முடியாது. சுற்றிச் சுற்றிப் பார்த்த முதலாளியின் கண் என்மேல் வந்து நின்றது.

"பூசை போட்ட வண்டில காலங்காத்தால இத ஏத்திக்கினு வந்தா எப்பிட்றா கத்தும்? எறக்குடா. இனிமே இது இந்த வண்டில ஏறக் கூடாது."

திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் வாங்க அவர் கடைத்தெருவுக்குப் போனார். மாமா என் டிரங்குப் பெட்டியைத் தூக்கினார்.

"எறங்கு பாப்பா. அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்ப? நாளைக்குப் போவலைன்னா பேரை அடிச்சிடுவாங்க மாமா."

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுக்க என்னை அனுப்ப வீட்டில் எப்போதடா என்று காத்திருந்தார்கள். நான் இறங்கினேன். ஆனால் வீட்டுப் பக்கம் போகவில்லை. பானெட் பக்கம் போனேன்.

"ஐயோ, கை வெக்காத! ஜல்தி வந்துடுவாரு!"

"நீங்க பட்டனை அமுக்குங்க."

'டிக்' என்று சத்தம் வந்த டப்பாவின் மூடியைத் திறந்தேன். உள்ளே கம்பி சுற்றிய ஓர் இரும்பு. அதை எனக்குத் தெரியும்! ஆணியில் கம்பி சுற்றி பேட்டரியில் இணைத்தால் அது காந்தமாகிக் குண்டூசியை இழுப்பதைப் பள்ளியில் செய்து பார்த்திருந்தேன். பட்டனை அமுக்கினால் கொஞ்சம் கரண்டுதான் இந்தக் கம்பிக்கு வருகிறது. இரும்பு காந்தமாகி மேலேயுள்ள தகட்டை இழுக்கிறது. தகட்டின் முனை கீழ் முனையைத் தொட்டதும், பேட்டரியிலிருந்து பெரிய கரண்டு ஹார்னுக்குப் பாய்கிறது. ஒரே ஆள் மதகைத் தூக்க, ஏரித் தண்ணீர் மொத்தமும் வாய்க்காலில் இறங்குவதைப் போல. ரிலே என்ற பெயரைப் பிறகுதான் படித்தேன்.

இழுக்கும் காந்தம் ஒழுங்காகத்தான் இழுத்தது. தொட வேண்டிய இரண்டு முனைகளுக்கும் நடுவில் மாமாவின் சந்தனம் காய்ந்து கிடந்தது.

நகத்தால் சுரண்டிப் பாவாடை நுனியால் துடைத்தேன். "இப்ப அமுக்குங்க."

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. முதலாளி பூசணிக்காயோடு ஓடி வருவதற்குள் மாமா மூடியைப் போட்டுவிட்டு, என்னையும் பெட்டியையும் காலடியில் தள்ளிவிட்டிருந்தார்.

"யார்றா செரி பண்ணது?"

"நான்தாங்க மொதலாளி. சந்தனம் ஒட்டிக்கினு இருந்துச்சு. என் தப்புதாங்க, புள்ள மேல ஒண்ணும் இல்லீங்க."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "செரி, கெடக்கட்டும். எடு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்று, "அவரு இல்ல, நான்தான்…" என்று கத்தினேன். மாமா ஹார்னை அமுக்கினார். அவர் நிறுத்தியதும் மறுபடி கத்தினேன்; மறுபடி அமுக்கினார். இந்த முறை பஸ் நகர்ந்து, முதலாளி கண்ணுக்கு மறைகிறவரை பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள், "டிரைவருக்கு ஹார்ன் வந்த குஷி!" என்று சிரித்தார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் செய்த வேலையைத் திருடிக்கொண்ட மனிதருக்குத் திண்டிவனம் வரை முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் முதலாளி மாமாவிடம் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வரவே இல்லை.