பனிக்கரடிக்கு டச்சிங்

திருச்சியில் துருவக் கடலைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான் என்று நான் சொன்னால், மறுக்க ஆளில்லை. அவர் புத்தூர் சவரிராயன். ரங்கசாமியின் ஸ்டூடியோவில் பதினெட்டு வருஷம் டச்சிங் வேலை. நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தைப் பென்சிலால் மெல்லத் தீட்டுவது. தீட்டத் தீட்ட பிரிண்டில் முகம் வெளுக்கும். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம்வரை கல்யாணத்துக்கு அனுப்பிய பெண்களின் போட்டோக்களில் பாதிக்கு நிறம் கொடுத்தவர் அவர்தான். அதனால் வந்த குழப்பத்தை மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து தீர்த்துக்கொண்டார்கள்.

கேமராவை மட்டும் ரங்கசாமி அவர் கையில் தந்ததில்லை. சவரிராயனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

1978-இல், புத்தூர் சர்ச்சின் பங்குச் சாமியாருக்குத் தெரிந்த நார்வேக்காரர் ஒருவர் துருவக் கடலில் விலங்குகளைப் படமெடுக்கக் கப்பல் ஏறினார். கப்பலிலேயே பிலிம் கழுவ நிதானமான கை ஒன்று வேண்டுமாம். சாமியார் சவரிராயனை அனுப்பிவைத்தார். சொந்தமாக ஒரு படம் எடுத்து வந்தால் கேமராவைத் தருகிறேன் என்றார் ரங்கசாமி, அது நடக்காது என்ற தைரியத்தில்.

ஆறு வாரம் நார்வேக்காரர் எடுத்தார், இவர் கழுவினார். கடைசியில் நார்வேக்காரர் காய்ச்சலில் படுத்த நாளாகப் பார்த்து, கப்பலுக்கு எதிரே பனிப்பாளத்தில் ஒரு கரடி வந்து நின்றது. சவரிராயன் அவருடைய கேமராவை எடுத்தார். வெட்கப்படும் மணப்பெண் நிமிரக் காத்திருப்பதுபோல, கரடி முகம் திருப்பும்வரை காத்திருந்தார். ஒரே படம்.

ஊருக்கு வந்து பிரிண்ட் போட்டால், பளீரென்ற பனிக்கு முன்னால் கரடி அழுக்காகத் தெரிந்தது. பதினெட்டு வருஷத்துக் கை சும்மா இருக்குமா? மூன்று நாள் தீட்டினார்.

ரங்கசாமி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் பனி. நடுவே மூன்று கறுப்புப் புள்ளி.

"கரடி எங்கடா?"

"இது ரெண்டும் கண்ணு, இது மூக்குண்ணே."

ரங்கசாமி சிரிக்கவில்லை. இப்படி வெளுக்க வைக்கும் கையில் கேமராவைக் கொடுப்பது பாவம் என்று சொல்லி, படத்தைக் கடை முகப்பில் விளம்பரமாக மாட்டிவிட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் வரிசையில் வந்தார்கள்.

வீட்டில் லூர்துராணி கணவரைத் திட்டவில்லை. "அவ்வளவு தூரம் போயி பாத்தத நீங்களே அழிச்சிட்டு வந்து நிக்கிறீங்களே" என்றாள்.

மறுநாள் காலை சவரிராயன் டர்பன்டைனில் பஞ்சை நனைத்து நெகட்டிவைத் துடைத்தார். பென்சில் போய்க் கரடி திரும்பி வந்தது, பனியில் கொஞ்சம் அழுக்காகவே. அதைப் புதிதாகப் பிரிண்ட் போட்டு ரங்கசாமியின் மேஜையில் வைத்து, இனிப் பென்சிலைத் தொடமாட்டேன், கேமரா கொடுத்தால் இருக்கிறேன் என்றார்.

ரங்கசாமிக்கு அப்போது வேறொரு தலைவலி. வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்பியவர்களின் பாஸ்போர்ட் போட்டோக்கள், ஆளுக்கும் படத்துக்கும் பொருத்தமில்லை என்று திரும்பிவந்தன. யோசித்துவிட்டுக் கேமராவைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு இல்லை, பாஸ்போர்ட்டுக்கு மட்டும்.

எண்பதுகள் முழுக்க துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனவர்கள் சவரிராயன் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். படம் கைக்கு வந்ததும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். மணப்பாறை அழகிரி வாய்விட்டே கேட்டார்: "கொஞ்சம் செவப்பா போட்டுக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

"போற எடத்துல உங்களத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லீங்க," என்றார் சவரிராயன். "நீங்கதான் நீங்கன்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு. இப்படியே இருக்கட்டும்."